கைலாயத்துக்கு வயது வரம்பு உண்டு: மானசரோவர் யாத்திரையைத் தள்ளிப்போடாமல் கிளம்ப ஒரு வழிகாட்டி

கைலாயம் என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் அதற்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும். வீட்டுக் கடன் அடையட்டும். ரிட்டயர் ஆகட்டும். பேரனுக்கு ஒரு வயசாகட்டும். காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ இப்படித் தள்ளிப்போட்டால் பெரிய நஷ்டமில்லை. எண்பது வயதிலும் யாராவது கைபிடித்துக் கூட்டிப்போவார்கள். கைலாய மானசரோவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வயது வரம்பு, எடை வரம்பு, குலுக்கல், மலை திபெத்தில் இருப்பதால் அதற்கு மேல் சீனாவின் சம்மதம் என்று நாலு கதவு தாண்ட வேண்டும். நாலும் ஒரே ஆண்டில் திறந்திருப்பது வாழ்க்கையில் சில முறைதான்.

நானும் அக்காவும் 2025-ல் சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாகப் போய்வந்தோம். கிளம்பும் முன் தமிழில் தேடியபோது தல புராணமும் பக்தி அனுபவமும் நிறையக் கிடைத்தன. எந்தத் தாளை எப்போது எடுத்துவைக்க வேண்டும், எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொன்றுக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தொகைகளும் தேதிகளும் 2025-க்கானவை. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்களுடைய கடைசி ஆண்டைக் கணக்குப் போடுங்கள்

வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரைக்கு அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே அனுமதி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது.

இதில் செல்லுபடியாவது பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதி. நம் அப்பா அம்மா தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான் பிறந்தநாள். "எனக்கு நிஜ வயசு ரெண்டு கம்மி" என்று டெல்லியில் போய்ச் சொல்ல முடியாது. தாளில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து 70-ஐ எண்ணுங்கள்.

அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். குலுக்கலில் முதல் தடவையே பெயர் வராது என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2025-ல் 5,561 பேர் விண்ணப்பித்து 750 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. ஏழு பேருக்கு ஒருவர் என்றுகூடச் சொல்ல முடியாது. அதோடு யாத்திரையே நடக்காத ஆண்டுகளும் உண்டு. 2017-ல் சீனாவோடு வந்த டோக்லாம் எல்லைப் பிரச்சினையில் நாதுலா வழி மூடப்பட்டது. 2020-ல் கொரோனாவால் நின்ற யாத்திரை, எல்லைப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டதால் 2024 வரை நடக்கவே இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பாஸ்போர்ட், பணம், தினமும் நடை, எல்லாம் தயார். 2019-ல் பேரன் பூணூல் என்று "அடுத்த வருஷம் போடுறேன்" என்றார். அடுத்த வருஷம் அவருக்கு 66. யாத்திரை மறுபடி திறந்தபோது 71. இன்றும் காலையில் என்னைவிட வேகமாக நடக்கிறார். ஆனால் விண்ணப்பப் படிவம் அவருடைய பிறந்த தேதியை ஏற்காது.

ஆகவே 60-ல் ரிட்டயர் ஆனால் பத்து வருஷம் கையில் இருக்கிறது என்ற கணக்கு தப்பு. குலுக்கலையும் மூடிய ஆண்டுகளையும் முழங்காலையும் கழித்தால் நாலைந்து மிஞ்சலாம். என்னைக் கேட்டால் 50 தொடும்போதே விண்ணப்பம் போடத் தொடங்குவது நல்லது. அப்பர் பெருமான் தள்ளாத வயதில்தான் கைலாயத்துக்குக் கிளம்பினார், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் போனார் என்று ஒரு மாமா வாதம் செய்தார். அவருக்குத் திருவையாற்றிலேயே காட்சி கிடைத்தது. நமக்கு அந்த ஏற்பாடு இல்லை.

2. பாஸ்போர்ட்டை இந்த மாதமே எடுத்துப் பாருங்கள்

யாத்திரை ஆண்டின் செப்டம்பர் 1 அன்று பாஸ்போர்ட்டுக்கு இன்னும் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும். அதாவது மறு ஆண்டு மார்ச் தொடக்கம் வரையாவது செல்ல வேண்டும். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது.

36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தத்காலில் மேலும் 2,000. புதிதாக எடுக்கும் 60 தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பெரியவர்கள் பயப்பட வேண்டாம். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை போன்றவற்றைப் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் "எஸ். மீனாட்சி", பானில் "மீனாட்சி சுந்தரம்", ரேஷன் கார்டில் "மீனாட்சி" என்று மூன்று ஆள் இருப்பார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு, அதை வைத்துப் பாஸ்போர்ட் எடுங்கள். பிறகு யாத்திரை விண்ணப்பம், விமான டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அப்படியே போடுங்கள். ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், போலீஸ் விசாரணை என்று எல்லாம் சேர்த்து மூன்று மாதம் ஒதுக்கிக்கொண்டால் பதற்றமில்லை.

அரசு ஊழியர்கள் துறை அனுமதிக்குத் தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

3. எடை: 25 என்ற எண்

மலை, குளிர், நடை எல்லாவற்றையும் விட அதிகம் பேரைத் தடுப்பது இந்த எண்தான். பி.எம்.ஐ. 25 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கிலோவில் உங்கள் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. உங்களுக்குச் சிரமம் இல்லாமல் கணக்கு இதோ:

155 செ.மீ. உயரம் என்றால் 60 கிலோ.
160 செ.மீ. என்றால் 64 கிலோ.
165 செ.மீ. என்றால் 68 கிலோ.
170 செ.மீ. என்றால் 72 கிலோ.

இது அதிகபட்சம். வீட்டில் இருக்கும் எடைக் கருவியை நம்பாமல் ஆஸ்பத்திரியில் ஒருமுறை எடையும் உயரமும் பாருங்கள். உயரத்தை நாம் எல்லோரும் கல்லூரிக் காலத்தில் அளந்ததோடு விட்டிருப்போம். அறுபது வயதில் அது ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. குறைந்திருக்கும். அந்த ஒரு செ.மீ.க்கு முக்கால் கிலோ போல எடையும் குறைய வேண்டும். இரண்டு கிலோ கீழேயே இருப்பது பாதுகாப்பு.

கிளம்பும் முன் டெல்லியில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், எடை பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பெல்ட்டைக் கழற்றினார், வாட்ச்சைக் கழற்றினார், பர்ஸையும் செல்போனையும் மனைவியிடம் கொடுத்தார், கடைசியில் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஏறினார். நர்ஸ் சிரித்தபடி "மூச்சுக்கு எடை இல்லை சார்" என்றார். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி என்று பிறகு சொன்னார். தேறிவிட்டார், ஆனால் அந்தப் பட்டினியோடு ரத்தப் பரிசோதனை, டிரெட்மில் எல்லாம் செய்து சோர்ந்துபோனார். கடைசி வாரத்தில் எடையைக் குறைக்கப் போகாதீர்கள். நாலைந்து மாதம் முன்பே இரவுச் சாப்பாட்டில் கை வையுங்கள்.

எடைக்கு அடுத்தது இதயமும் நுரையீரலும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே உள்ளூரில் ஈ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. என்கிற டிரெட்மில் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் எல்லாம் எடுத்துவிடுங்கள். டெல்லியில் பார்க்கப்போவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். மறைத்து டெல்லியில் தேறினாலும் நாதுலா வழியில் ஷெரதாங்கிலும், உத்தராகண்டின் லிபுலேக் வழியில் குஞ்சியிலும் இந்தோ திபெத் எல்லைக் காவல் படை மருத்துவர்கள் மறுபடி பார்ப்பார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பினால் பணமும் போய், பாதி வழியும் போய்த் திரும்ப வேண்டும். இதய நோயோ வலிப்போ இருந்தால் இந்தப் பயணத்தை மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

நடைப் பயிற்சிக்கு நம் ஊரிலேயே நல்ல இடங்கள் உண்டு. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். முதுகில் ஐந்து கிலோ பையோடு பௌர்ணமி இல்லாத நாளில், கூட்டம் இல்லாதபோது, நிற்காமல் சுற்றிப் பாருங்கள். அது சுலபமாகிவிட்டால் பர்வதமலை, சதுரகிரி. கோடையில் வெள்ளியங்கிரி திறந்திருக்கும்போது ஏழு மலை ஏறி இறங்கி, மறுநாள் காலையிலும் உங்களால் ஐந்து கிலோமீட்டர் நடக்க முடிந்தால் கால் தயார். டி.எம்.டி. எடுக்காமல் வெள்ளியங்கிரிக்குப் போகாதீர்கள். அங்கே நெஞ்சுவலியில் விழுபவர்கள் பற்றி ஒவ்வொரு ஆண்டும் செய்தி வருகிறது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்த மலைகள் காலைப் பழக்கும், மூச்சைப் பழக்காது. மானசரோவர் ஏறக்குறைய 4,590 மீட்டர், கைலாயத்தைச் சுற்றும் பாதையில் உள்ள டோல்மா கணவாய் 5,630 மீட்டர். அந்த உயரத்துக்குத் தமிழ்நாட்டில் ஒத்திகை பார்க்க வழியில்லை. உயரத்தில் வரும் உடல்நலக் கோளாறைத் தடுக்கும் டயமாக்ஸ் போன்ற மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

4. பணம்: எவ்வளவு, எப்போது

2025-ல் வெளியுறவு அமைச்சகம் சொன்ன தோராயச் செலவு: உத்தராகண்டின் லிபுலேக் வழி ஒருவருக்கு 1.74 லட்சம், சிக்கிமின் நாதுலா வழி 2.83 லட்சம்.

இதற்கு வெளியே வருபவை: ஊரிலிருந்து டெல்லி போய்வரும் டிக்கெட், டெல்லியில் கூடுதலாகத் தங்கினால் அந்தச் செலவு, குளிர் உடுப்பும் காலணியும், கைலாயத்தைச் சுற்றி நடக்கும் பரிக்ரமாவில் குதிரைக்கும் சுமையாளுக்கும் கூலி, பிரசாதம் என்று வாங்கும் சில்லறைச் செலவு. அறிவிப்பில் உள்ள தொகைக்கு மேல் ஐம்பது அறுபதாயிரம் தனியாக வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம். திபெத்தில் செலவுக்கு யுவான் அல்லது டாலர் வேண்டும். எவ்வளவு என்று டெல்லி விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள். நூறு டாலர் நோட்டு கிழிசல், கிறுக்கல் இல்லாமல் புதிதாக இருக்கட்டும்.

மூன்று லட்சம் என்றதும் "அதை வச்சு வீட்டுக்கு ஒரு மாடி எழுப்பலாமே" என்று யாராவது சொல்வார்கள். அஞ்சலகத்தில் ஐந்து ஆண்டு தொடர் வைப்பு மாதம் 5,000 கட்டினால் அசல் மட்டும் மூன்று லட்சம். நகைச் சீட்டு கட்டுகிற வீட்டில் இது முடியாத காரியமில்லை. கணக்கின் பெயரிலேயே பயணத்தை எழுதிவைக்க முடியாது என்பதால், வேறு செலவு வரும்போது உடைக்காமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

தமிழ்நாடு அரசு மானசரோவர் போய்வரும் தமிழக பக்தர்களுக்கு மானியம் தருகிறது. தொடங்கியபோது ஒருவருக்கு 40,000 ரூபாய், பின்னர் கூட்டியிருக்கிறார்கள். அறநிலையத் துறை அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். இது போய்வந்த பிறகு கைக்கு வருகிற பணம். கிளம்புவதற்கு இதை நம்பாதீர்கள். பயணத்தில் கிடைக்கும் ஒவ்வொரு ரசீதையும், பாஸ்போர்ட் முத்திரை, விசா நகல்களையும் ஒரு கவரில் போட்டுவையுங்கள்.

5. எந்த வழி

இரண்டு வழிக்கும் ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். ஊரிலிருந்து கிளம்பித் திரும்ப ஒரு மாதம் விடுப்பு எடுங்கள். 2025-ல் லிபுலேக் வழியாக 50 பேர் கொண்ட ஐந்து அணிகள், நாதுலா வழியாகப் பத்து அணிகள் போயின. லிபுலேக் பக்கம் ஏற்பாடு குமாவூன் மண்டல் விகாஸ் நிகம். நாதுலா பக்கம் சிக்கிம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம்.

முழங்கால் சந்தேகமாக இருப்பவர்கள் நாதுலா. கேங்டாக்கிலிருந்து எல்லை வரை வாகனம், எல்லைக்கு அப்பால் திபெத் பீடபூமியில் நாட்கணக்காகப் பஸ். உட்கார்ந்தே இடுப்பு போகும், அவ்வளவுதான். லிபுலேக் வழியில் இப்போது சாலை வெகுதூரம் வந்துவிட்டதால் முன்பிருந்த நடை இல்லை. செலவும் ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. மலையோரச் சாலை பயம் இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது. எந்த வழியில் போனாலும் கைலாயத்தைச் சுற்றும் மூன்று நாள் நடை ஒன்றுதான். "நாதுலான்னா நடையே இல்லையாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

6. விண்ணப்பமும் குலுக்கலும்

விண்ணப்பம் முழுக்க ஆன்லைன், அமைச்சகத்தின் கைலாஷ் மானசரோவர் யாத்திரைத் தளத்தில். 2025-ல் ஏப்ரல் 26 அன்று திறந்து மே 13-ல் மூடினார்கள். மே 21-ல் கணினிக் குலுக்கல். ஜூன் மாதமே முதல் அணி கிளம்பிவிட்டது. பெயர் வந்த பிறகு பாஸ்போர்ட் எடுக்கலாம், எடை குறைக்கலாம், லீவு கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தேதிகளே பதில்.

முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் புகைப்படம் உள்ள முதல் பக்கம், குடும்ப விவரம் உள்ள கடைசிப் பக்கம், பாஸ்போர்ட் அளவு புகைப்படம். மங்கலாக ஏற்றினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். கணவன் மனைவியோ நண்பர்களோ சேர்ந்து போக வேண்டுமானால் சேர்த்தே விண்ணப்பியுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போகும். இரண்டு வழியையும் முன்னுரிமை வரிசையில் குறிக்கலாம். ஒரு வழியைத்தான் குறிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இதுவரை போகாதவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

"டெல்லியில ஆள் இருக்கு, குலுக்கல்ல பேரு வரவைக்கிறேன்" என்று ஒரு குரல் எல்லா ஊரிலும் உண்டு. அமைச்சகத்துக்கு ஏஜெண்ட் கிடையாது. பத்துப் பைசா கொடுக்காதீர்கள்.

பெயர் வந்துவிட்டால் குறிப்பிட்ட தேதிக்குள் உறுதித்தொகை கட்ட வேண்டும். அது திரும்பக் கிடைக்காது. கட்டத் தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும். காத்திருப்புப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் மனம் விடாதீர்கள்; கடைசி நேரத்தில் விலகுபவர்கள், மருத்துவத்தில் நிற்பவர்கள் உண்டு. ஜூன், ஜூலையில் தினமும் ஈமெயில் பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து.

7. டெல்லிக்குக் கொண்டுபோக வேண்டிய தாள்கள்

அசல் பாஸ்போர்ட், ஒரு கத்தை புகைப்படம், மூன்று உறுதிமொழிகள்.

முதலாவது, எது நடந்தாலும் அரசைப் பொறுப்பாக்க மாட்டேன் என்ற பத்திரம். 100 ரூபாய் முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, அவசரத்தில் ஹெலிகாப்டர் தேவைப்பட்டால் செலவை ஏற்பேன் என்ற உறுதி. மூன்றாவது, சீனப் பகுதியில் இறந்துபோனால் உடலை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம்.

எங்கள் ஊர் நோட்டரி மூன்றாவது தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சுட்டுதான் சார் வந்தேன். அங்கயே முடிஞ்சா என் பசங்களுக்குச் செலவு மிச்சம்."

அவர் சீல் வைத்துவிட்டு ஃபீஸ் வேண்டாம் என்றார். அக்கா விடவில்லை, கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

இந்தத் தாளை வீட்டில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் பிள்ளைகள் கண்ணில் பட்டால் ஒரு பெரிய அழுகை, "போகவே வேண்டாம்" என்ற ரகளை, எல்லாம் நடக்கும். உயில், வங்கி நாமினி, இன்சூரன்ஸ் காகிதம் எங்கே இருக்கிறது என்பதையும் அதே உட்காரலில் சொல்லிவிடலாம்.

முத்திரைத்தாள் டெல்லியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கே நாட்கள் மருத்துவப் பரிசோதனைக்கும் விளக்கக் கூட்டத்துக்கும் விசாவுக்கும் சரியாகப் போய்விடும். டெல்லி இதய நுரையீரல் மருத்துவமனையில் ஒரு நாள், எல்லைக் காவல் படை மருத்துவமனையில் ஒரு நாள் போல எதிர்பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். ஜூன் மாத டெல்லி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் ரத்த அழுத்தம் ஏறும். முதல் நாளே போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். விசாவை அமைச்சகமே குழு விசாவாக எடுத்துத்தரும்.

8. மூன்று நாள் பரிக்ரமா

மொத்தம் சுமார் 52 கிலோமீட்டர். யமதுவாரத்தில் தொடங்கி முதல் நாள் திராபுக் வரை, ஏற்றம் அதிகமில்லை. அங்கே கைலாயத்தின் வடக்கு முகம் நேருக்கு நேர் நிற்கும். இரண்டாம் நாள்தான் பயணமே: இருட்டில் கிளம்பி டோல்மா கணவாய் ஏறி, அந்தப் பக்கம் கௌரி குண்டத்தைக் கீழே பார்த்தபடி செங்குத்தாக இறங்கி, இருபது கிலோமீட்டர் போல நடந்து ஜுதுல்புக். ஏறுவதைவிட அந்த இறக்கம் முழங்காலைப் பதம்பார்க்கும். குதிரை வைத்திருப்பவர்களையும் இறக்கத்தில் நடக்கத்தான் சொல்வார்கள். மூன்றாம் நாள் காலாற நடை.

குதிரையும் சுமையாளும் வேண்டுமென்றால் முதலிலேயே மொத்தத்துக்கும் சொல்லிவிடுங்கள். நடுவழியில் மூச்சு வாங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. "நான் வெள்ளியங்கிரி ஏறினவன்" என்று குதிரையை வேண்டாம் என்றவர்கள் எங்கள் அணியில் உண்டு; திராபுக்கில் இரவெல்லாம் தலைவலியோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே தலைவலி, வாந்தி, தடுமாற்றம் மூன்றும் சேர்ந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்குவதுதான் மருந்து. அணித் தலைவர் நிறுத்தினால் வாதாடாதீர்கள்.

மானசரோவரில் இறங்கி முழுக சீனத் தரப்பு விடுவதில்லை. வாளியில் மொண்டு கரையில் குளிக்கலாம். தலாய் லாமா படம், புத்தகம், டிரோன், சாட்டிலைட் போன் எதையும் பையில் வைக்காதீர்கள். செல்போனில் இருக்கும் படங்களையும் எல்லையில் பார்ப்பார்கள். கழிவறை பற்றி நிறைய எழுதலாம். ஒரு நல்ல டார்ச்சும் ஈர டிஷ்யூவும் எடுத்துப்போங்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரஸப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் பையில் இருக்கட்டும். வட இந்தியச் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உயரத்தில் பசியே எடுக்காது. சாதத்தில் கொஞ்சம் பருப்புப் பொடி போட்டால் நாலு வாய் உள்ளே போகும்.

9. குலுக்கலில் வரவில்லையா? நேபாளம் வழி

தனியார் குழுக்கள் காட்மாண்டு வழியாகக் கூட்டிப்போகின்றன. கேருங் வழியாகச் சாலையில், அல்லது நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா என்று விமானமும் ஹெலிகாப்டரும் மாறி. பொதுவாக இரண்டு லட்சத்தில் தொடங்கும். நாட்கள் குறைவு என்பதைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். அதில்தான் ஆபத்து: உடம்பு உயரத்துக்குப் பழக நேரம் கிடைக்காது. இரண்டு நாள் கூடுதலாக இருக்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: பரிக்ரமா மூன்று நாளும் சேர்த்தா, யமதுவாரம் வரை மட்டுமா? ஹெலிகாப்டர் மழையில் நின்றால் தங்கும் செலவு யாருடையது? சீன அனுமதி வராவிட்டால் எவ்வளவு திரும்பும்? உங்கள் வயதுக்கு அந்த ஆண்டு அனுமதி உண்டா? விசா முழுக் குழுவுக்கும் ஒரே தாளில் வரும். ஒருவர் மட்டும் உடம்பு முடியாமல் முன்னதாகத் திரும்ப வேண்டுமானால் அதைப் பிரிக்கத் தனிக் கட்டணம். பயண இன்சூரன்ஸில் ஐந்தாயிரம் மீட்டருக்கு மேல், ஹெலிகாப்டர் மீட்போடு, காப்பு உண்டா என்று பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இந்த வழியும் அறுபடும். 2025 ஜூலையில் கேருங் பாதையில் உள்ள ரசுவாகடி எல்லைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கும் தனியார் ஏற்பாடுதான் வழி. சீன விசா வேண்டுமா என்பது ஒரு பக்கம், திபெத் அனுமதி தனியாக வேண்டும்.

10. எழுபதைத் தாண்டியவர்களுக்கு

இந்திய எல்லைக்குள், உத்தராகண்டில், ஆதி கைலாசமும் ஓம் பர்வதமும் இருக்கின்றன. தார்ச்சுலாவிலிருந்து ஜோலிங்காங் வரை இப்போது ஜீப் போகிறது. பாஸ்போர்ட் வேண்டாம், எல்லைப் பகுதிக்குள் போகத் தார்ச்சுலாவில் இன்னர் லைன் பர்மிட் எடுக்க வேண்டும். மே, ஜூன் அல்லது மழை விட்ட பிறகு செப்டம்பர், அக்டோபர். உயரம் அங்கும் நாலாயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. 2024 அக்டோபரில், பழைய லிபுலேக் பக்கத்தில் ஓரிடத்திலிருந்து இந்திய மண்ணில் நின்றே கைலாயத்தைப் பார்க்கும் ஏற்பாட்டை உத்தராகண்ட் தொடங்கியது. அந்தந்த ஆண்டு நடக்கிறதா என்று குமாவூன் நிகமத்தில் விசாரியுங்கள்.

வைணவ வீடுகளில் நேபாளத்து முக்திநாத் கேட்பார்கள். போக்ராவிலிருந்து ஜோம்சோம் வரை சிறு விமானம், அல்லது முக்திநாத் பக்கம் வரை ஜீப். விசா தேவையில்லை. 65-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரைக் காட்டி விமானம் ஏற முடியாது; 65 தாண்டியவர்களுக்கு ஆதார் போதும். ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும்தான், காற்று எழும்பிவிட்டால் ரத்து. திரும்பும் சர்வதேச விமானத்துக்கும் ஜோம்சோம் நாளுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.